வேல்ஸ், வலோனியா, வலாக்கியா: மூன்றும் ஒரே சொல்லா?

நிலப்படம்:

வணக்கம் நண்பர்களே. ஐரோப்பிய வரலாறு படிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு நிலப்படத்தை விரித்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அதில் ஒரு முடிச்சு எவ்வளவு முயன்றும் அவிழவில்லை.

மேற்கே பிரிட்டன் தீவில் வேல்ஸ். பெல்ஜியத்தின் தெற்கில், பிரெஞ்சு பேசும் வலோனியா. வெகுதொலைவு கிழக்கே, டான்யூப் ஆற்றுக்கு வடக்கில் வலாக்கியா, அதாவது இன்றைய ருமேனியாவின் தென்பகுதி. வேல்ஸ் மொழி கெல்டிக் குடும்பம். மற்ற இரண்டு இடங்களிலும் பேசுவது லத்தீன் வழிவந்த மொழிகள். மூன்று பெயர்களுக்கும் உறவு உண்டா, வெறும் ஓசை ஒற்றுமையா?

ஒரு அகராதியைப் புரட்டினேன். "அயலான் என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அயலான் என்றால் சுற்றியிருந்த எல்லாருமே அயலார்தானே? அந்தப் பெயர் ஏன் இவர்கள்மேல் மட்டும் ஒட்டிக்கொண்டது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

சாரீன்கரை:

தம்பி, ஒரே சொல்தான். அதுவும் நான் வேலை நாளெல்லாம் காதில் கேட்கிற சொல். ஸ்விட்சர்லாந்தில் ஃப்ரிபூர் நகரில் இருக்கிறேன், ஜெர்மன் ஆவணங்களைப் பிரெஞ்சுக்கு மாற்றுவது என் தொழில். இந்த ஊர் வழியாகச் சாரீன் ஆறு ஓடுகிறது. ஒரு பக்கம் ஜெர்மன், மறு பக்கம் பிரெஞ்சு என்று பேச்சில் சொல்வார்கள். ஜூரிக் பக்கத்திலிருந்து வரும் சக ஊழியர்கள் பிரெஞ்சு பேசும் எங்களை "வெல்ஷ்" என்பார்கள், எங்கள் பகுதியை "வெல்ஷ்லாண்ட்" என்பார்கள். பள்ளி முடித்த ஜெர்மன் ஸ்விஸ் பெண்கள் ஒரு வருடம் இந்தப் பக்கம் ஒரு குடும்பத்தோடு தங்கி, வீட்டுவேலைக்கு உதவி, பிரெஞ்சு கற்றுக்கொண்டு போவது பழைய வழக்கம். அதற்கு "வெல்ஷ்லாண்ட் வருடம்" என்றே பெயர். ஆக, உங்கள் படத்தில் நான்காவது புள்ளியாக எங்கள் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வேருக்கு வருவோம். எழுத்தில் கிடைக்காத, மொழியியலாளர்கள் மீட்டமைத்த ஆதி ஜெர்மானிய வடிவம் "வல்ஹஸ்". அது ஜெர்மானியர்களின் சொந்தச் சொல் அல்ல, ஒரு கெல்டிக் இனக்குழுவின் பெயரிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்தக் குழுவின் பெயர் வோல்க்கே. ஜூலியஸ் சீசர் தன் கல்லியப் போர்க் குறிப்புகளின் (கல்லியா என்பது ஏறத்தாழ இன்றைய பிரான்ஸ்) ஆறாம் பகுதியில் இவர்களைப் பற்றி எழுதுகிறார். வோல்க்கே டெக்டோசேஜஸ் என்ற பிரிவினர் ஹெர்சீனியக் காட்டைச் சுற்றியிருந்த வளமான நிலங்களைப் பிடித்துக் குடியிருந்தார்கள் என்பது அவர் சொல்லும் செய்தி. இன்றைய நடு ஜெர்மனியிலிருந்து பொகீமியா வரை நீண்டு கிடந்த காடு அது. இதே வோல்க்கேக்களின் இன்னொரு கிளை தெற்கே இன்றைய தூலூஸ் பகுதியில் இருந்தது. டெக்டோசேஜஸ் என்ற பெயர் சின்ன ஆசியாவில் இன்றைய அங்காரா வரைக்கும்கூடப் போயிருக்கிறது.

வடக்கிலிருந்த ஜெர்மானியக் குழுக்களுக்குத் தெற்கே உடனடி அண்டைவீட்டார் இந்த வோல்க்கேக்கள். பக்கத்தில் இருந்தவரின் பெயரையே அவருக்குப் பின்னால் இருந்த கெல்டிக் மக்கள் எல்லாருக்கும் சூட்டிவிட்டார்கள்.

இது எப்போது நடந்தது என்பதற்குச் சொல்லின் ஒலியே சாட்சி. லத்தீனில் "க்" வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் "ஹ்" வரும். லத்தீன் கோர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். லத்தீன் கென்டும், ஆங்கிலத்தில் ஹன்ட்ரெட். கிரிம் விதி என்பது இந்த மாற்றம்தான், கதை தொகுத்த அதே யாக்கோபு கிரிம் வகுத்தது. வோல்க்கே என்பதில் உள்ள "க்" வல்ஹஸ் என்பதில் "ஹ்" ஆகியிருக்கிறது. "ஒ" கூட "அ" ஆகிவிட்டது, எட்டு என்ற பொருளில் லத்தீன் ஒக்டோவுக்கு ஜெர்மன் அஹ்ட் போல. ஒலி மாறிய பிறகு கடன் வாங்கியிருந்தால் "க்" அப்படியே நின்றிருக்கும். அப்படியானால் சீசர் கல்லியாவில் காலடி வைத்த கி.மு. 58-க்கு வெகு முன்பே இந்தச் சொல் ஜெர்மானியர் வாயில் புழங்கியிருக்கிறது. கல்வெட்டோ ஓலையோ இல்லாமல், ஒரு மெய்யெழுத்தை வைத்துக் காலத்தைப் பிடிக்க முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் ரோம் வந்தது. கல்லியாவின் கெல்டுகள் மெல்ல மெல்ல லத்தீன் பேச ஆரம்பித்தார்கள். வடக்கிலிருந்து பார்த்தவர்களுக்கோ அதே இடம், அதே மக்கள். பெயரை மாற்ற அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. கெல்ட் என்ற பொருளில் பிறந்த சொல், லத்தீன் பேசுபவன், ரோமப் பேரரசுக்குள் இருப்பவன் என்ற பொருளுக்கு இப்படித்தான் நகர்ந்தது.

வேல்ஸ் கதைக்கு வருகிறேன். ஆங்கிலோ-சாக்சன்கள் பிரிட்டனில் கால் வைத்தபோது அந்தத் தீவு பல நூற்றாண்டுகள் ரோம ஆட்சிக்குள் இருந்துவிட்டு அண்மையில்தான் அதிலிருந்து விடுபட்டிருந்தது. அங்கிருந்த பிரிட்டன்களை அவர்கள் "வெயால்ஹ்" என்றார்கள், பன்மையில் "வெயாலாஸ்". அதுதான் வேல்ஸ் ஆனது. தென்மேற்கு முனையில் கோர்னோவி என்ற குழுவின் பெயரோடு இதே சொல் ஒட்டிக் கார்ன்வால் ஆனது. தென் இங்கிலாந்தில் இருந்த சாக்சன் நாடான வெசெக்ஸின் மன்னன் ஈன் (ஆட்சி 688 முதல் 726 வரை) இயற்றிய சட்டத்தில் கொலைக்கு ஈடாகக் கட்டும் தொகை ஆளுக்கு ஆள் வேறுபடும். 5 ஹைடு (அன்றைய நில அளவு) நிலம் வைத்திருந்த ஒரு வெயால்ஹின் உயிருக்கு 600 ஷில்லிங். நிகரான தகுதியுள்ள சாக்சனுக்கு இருமடங்கு. போகப் போக வெயால்ஹ் என்ற சொல்லே அந்தப் பகுதியில் அடிமை என்று பொருள் தர ஆரம்பித்துவிட்டது. தங்கள் நிலத்திலேயே இப்படி ஒரு பெயரைச் சுமந்த அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொண்டது "கம்ரி" என்று. "கொம்ப்ரோகி" என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது, "ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள்" என்று பொருள். வேல்ஸை அவர்கள் மொழியில் இன்றும் கம்ரு என்றுதான் சொல்கிறார்கள்.

வலோனியா சுருக்கமான கதை. ஃபிராங்க், டச்சு மொழி பேசியவர்கள் தங்களுக்குத் தெற்கே லத்தீன் வழிமொழி பேசியவர்களை இதே சொல்லால் அழைத்தார்கள். டச்சில் வாலன் என்பார்கள், பிரெஞ்சில் வலோன்.

வலாக்கியா பற்றி ஸ்லாவிய மொழிகள் தெரிந்தவர்கள் யாராவது எழுதினால் நல்லது.

கார்குழலி:

அக்கா, அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன். கிராகோவில் மொழியியல் படிக்கிறேன். இங்கே வந்த புதிதில் என்னை உலுக்கிய விஷயம், போலந்துக்காரர்கள் இத்தாலியை இத்தாலி என்று சொல்வதே இல்லை என்பது. அவர்கள் சொல்வது "வ்வோஹி". இதுவும் அதே வல்ஹஸ்தான்!

ஸ்லாவியர்கள் இந்தச் சொல்லை ஜெர்மானியர்களிடமிருந்து வாங்கினார்கள். அதன்பின் ஸ்லாவிய மொழிகள் பிரிந்த விதத்தில் அது மூன்று வடிவம் எடுத்தது. ஒரு பொதுவான சொல்லை வைத்துப் பார்த்தால் எளிது. "கோட்டை நகரம்" என்ற பழைய ஸ்லாவியச் சொல் பெல்கிராட் என்ற பெயரில் "கிராட்" என்று நிற்கிறது, நோவ்கோரோட் என்ற பெயரில் "கோரோட்" என்று நிற்கிறது, போலிஷ் மொழியில் "க்ரூட்". அதே விதிப்படி நம் சொல் தெற்கிலும் செக் மொழியிலும் "விளாஹ்", கிழக்கில் "வோலோஹ்", போலிஷில் "வ்வோஹ்". போலிஷ்காரர்களிடம் இன்னொரு வடிவமும் உண்டு. கிழக்கு ஸ்லாவியர்களிடமிருந்து "வோவோஹ்" என்று தனியாக ஒன்றைக் கடன் வாங்கி, அதை ருமேனியர்களுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரே மூலச்சொல், இரண்டு முறை வீட்டுக்குள் வந்து, இரண்டு நாட்டுக்காரர்களைக் குறிக்கிறது.

ஹங்கேரியர்களும் இதையே செய்தார்கள். ஸ்லாவிய ஒருமை வடிவத்திலிருந்து "ஓலாஹ்" என்று ருமேனியர்களுக்கு, பன்மை வடிவத்திலிருந்து "ஓலஸ்" என்று இத்தாலியர்களுக்கு. இத்தாலிக்கு ஹங்கேரியப் பெயர் இன்றைக்கும் ஓலஸோர்ஸாக்.

நிலப்படம், வலாக்கியா என்பது இந்த விளாஹ் என்பதிலிருந்து வந்த பெயர். அங்கிருந்த மக்கள் தங்கள் நாட்டை ஒருபோதும் அப்படி அழைக்கவில்லை. அவர்களுக்கு அது "ட்சாரா ரொமனியாஸ்கா", ருமேனிய நாடு. 1859-இல் அலெக்சாந்த்ரு இயோன் கூசா வலாக்கியா, மோல்டேவியா இரண்டுக்கும் ஒரே ஆட்சியாளராகத் தேர்வானார். அந்த இணைப்பிலிருந்து எழுந்த நாடு ருமேனியா என்ற பெயரை எடுத்துக்கொண்டது.

எனக்குப் பிடித்த சான்று அக்ரூட் கொட்டை. ஆங்கிலத்தில் வால்நட் என்பதில் உள்ள "வால்", சுவர் இல்லை. பழைய ஆங்கில "வெயால்ஹ்-ஹ்நுட்டு", அதாவது வெயால்ஹ்களின் கொட்டை. வடக்கில் தானாக விளைந்தது ஹேசல் கொட்டை, இது தெற்கே ரோமானியர் பக்கமிருந்து வந்தது. லத்தீனில்கூட கல்லியக் கொட்டை என்று ஒரு பெயர் இதற்கு இருந்தது. போலந்தில் இதை "ஓஜெஹ் வ்வோஸ்கி" என்பார்கள், இத்தாலியக் கொட்டை. செக்கில் "விளாஷ்ஸ்கி". உக்ரைனிய மொழியில் "வோலோஸ்கி ஹோரிஹ்". ரஷ்யர்கள் மட்டும் அதைக் கிரேக்கக் கொட்டை ஆக்கிவிட்டார்கள். சூப்புக்குப் போடும் காரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர், லீக் இவற்றை ஒன்றாகக் கட்டி இங்கே விற்பார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் "வ்வோஷ்ச்சிஸ்னா", இத்தாலியச் சமாசாரம் என்று பொருள். 1518-இல் போலந்து அரசன் முதலாம் சிகிஸ்முண்டை மணந்துவந்த இத்தாலிய அரசி போனா ஸ்ஃபோர்சாவோடு இதை இணைத்துப் பேசுவார்கள்.

ஏடுகாத்தான்:

இரண்டு பதில்களும் அருமை. ஆனாலும் ஒரு சந்தேகம். அகராதி சொன்ன "அயலான்" என்ற பொருளே எல்லாவற்றுக்கும் போதுமே? வேல்ஸ்காரன் அயலான், இத்தாலியன் அயலான், ருமேனியனும் அயலான். ரோம் என்ற விளக்கத்தை நாம்தான் பின்னால் கொண்டுவந்து பொருத்துகிறோமோ?

சாரீன்கரை:

ஐயா, நிலப்படம் கேட்டதன் மையமே அதுதான், அதனால் இதற்கு அழுத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். அயலான் என்பது சோம்பேறித்தனமான விளக்கம். யாருக்கு இந்தப் பெயரை வைக்கவில்லை என்று பாருங்கள். ஜெர்மானியர்களுக்குக் கிழக்கே ஸ்லாவியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் வெண்டுகள். வடக்கே இருந்தவர்கள் ஃபின்கள். ஹூணர்கள் வந்தார்கள், அவர்கள் ஹூணர்கள்தான். அத்தனை பேரும் அயலார், ஒருவரையும் வல்ஹ் என்று சொன்னதில்லை. ஸ்காண்டிநேவியர்கள்கூட "வல்லாண்ட்" என்று சொன்னது பிரான்ஸ் இருக்கும் நிலத்தை. 1955-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசிய ஒரு சொற்பொழிவில் டோல்கீன் இதைத்தான் வலியுறுத்தினார். கதாசிரியராக மட்டும் அவரைத் தெரிந்தவர்கள் பலர், ஆனால் பழைய ஆங்கிலம்தான் அவர் துறை. கெல்டிக் அல்லது லத்தீன் பேசியவர்களுக்கே இந்தப் பெயர் என்பது அவர் வாதம்.

இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். இந்தப் பெயரைச் சுமந்தவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள்? ருமேனியர் "ரொமின்". பால்கனில் சிதறியிருக்கும் அரோமானியர் "அர்மன்". எங்கள் நாட்டின் கிராபுண்டன் மாநிலத்தில் ஒரு மொழி உண்டு, 1938-இல் வாக்கெடுப்பு நடத்தி நாட்டின் நான்காவது தேசிய மொழி ஆக்கினார்கள். அதன் பெயர் "ருமான்ச்". எல்லாமே ரோமானியன் என்ற சொல்தான். உள்ளே இருந்தவன் தன்னை ரோமானியன் என்றான், வெளியே நின்றவன் அவனையே வல்ஹ் என்றான். வேல்ஸ் ஒரு முனை, வலாக்கியா மறு முனை, நடுவில் வலோனியா, ஃப்ரிபூர், எங்கள் நாட்டின் வாலென் ஏரி எல்லாவற்றையும் ஒரு கோட்டால் இணையுங்கள். ரோமப் பேரரசின் வடக்கு எல்லைக்குப் பக்கத்திலேயே அந்தக் கோடு ஓடும்.

கிராபுண்டனின் தலைநகர் கூர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே பேசியது ருமான்ச். 1464-இல் ஒரு பெரிய தீவிபத்து, ஊரைத் திரும்பக் கட்ட ஜெர்மன் பேசும் கைவினைஞர்கள் வந்து குடியேறினார்கள், ஊர் மெல்ல ஜெர்மன் பேச ஆரம்பித்தது. ஆனால் அந்த ஊர்ப் பேச்சுக்கு வைத்த பெயர் ஜெர்மனில் பிழைத்துக்கொண்டது. ஒன்றும் புரியாத உளறலுக்கு "கவ்டர்வெல்ஷ்" என்பார்கள். ஆல்ப்ஸ் மலைப்பகுதியான டிரோலின் ஜெர்மன் வழக்கில் கூர் நகருக்கு வழங்கிய வடிவமே அந்த "கவ்டர்" ஆயிற்று என்பது பரவலான விளக்கம்.

நிலப்படம்:

நன்றி அக்கா, நன்றி கார்குழலி. ஒன்று இடிக்கிறது. வல்ஹஸ் ஒரு பக்கம், கல்லியா ஒரு பக்கம். பிரெஞ்சில் "கோல்" என்கிறார்களே, அது கல்லியாவிலிருந்து வந்ததுதானே? இந்தச் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லையா?

சாரீன்கரை:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். பிரெஞ்சு "கோல்", லத்தீன் கல்லியாவிலிருந்து வரவில்லை. லத்தீனில் சொல்முதலில் "க" என்று மெல்ல ஒலித்தது பிரெஞ்சில் "ஜ" போன்ற ஒலி ஆகிவிடும், அதை இங்கே "ழ" என்று எழுதுகிறேன். கால் என்ற பொருளில் வந்த காம்பா, ழாம்ப் ஆனது. மகிழ்ச்சிக்கான கவ்தியா, ழ்வா ஆனது. அந்த விதிப்படி கல்லியா "ழாய்" என்பதுபோல ஏதோ ஒன்றாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஜெர்மானியச் சொற்கள் வேறு வழியில் வந்தன. அவற்றின் முதல் "வ", பிரெஞ்சில் "க" ஆகும். வெர்ரா என்ற சொல் போரைக் குறிக்கும் கேர் ஆனது, வில்லியம் கியோம் ஆனார். சொல்லின் உள்ளே "அல்" வந்து அடுத்து மெய் வந்தால் "ஓ" ஆகும், லத்தீன் அல்பா ஓப் ஆனதுபோல. இரண்டையும் வல்ஹ் என்பதில் போட்டுப் பாருங்கள், கோல் வந்து நிற்கும். பிரான்ஸ்காரர்கள் தங்கள் முன்னோர் நாட்டுக்கு வைத்திருக்கும் பெயர், ஃபிராங்குகள் அவர்களுக்கு வைத்த பெயர்.

ஏடுகாத்தான்:

விளங்கியது. கெல்டுகளிலிருந்து ரோமானியர் வரை ஒப்புக்கொள்கிறேன். பால்கனில் விளாஹ் என்றால் ஆட்டிடையன் என்றும் படித்திருக்கிறேன். அது எங்கிருந்து?

கார்குழலி:

வாழ்க்கை முறையிலிருந்து. பால்கன் மலைகளில் லத்தீன் வழிமொழி பேசியவர்களில் பலர் மந்தை மேய்த்தும் சரக்கு ஏற்றிய விலங்குகளோடு வழிநடந்தும் பிழைத்தவர்கள். அவர்களைப் பற்றிய மிகப் பழைய பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) குறிப்புகளில் ஒன்று 976-ஆம் ஆண்டு நிகழ்வைச் சொல்வது. பின்னாளில் பல்கேரிய மன்னரான சாமுவேலுடைய அண்ணன் தாவீது, பிரெஸ்பாவுக்கும் கஸ்தோரியாவுக்கும் இடையில் "வழிநடை விளாஹ்களால்" கொல்லப்பட்டார் என்கிறது அது. பிற்காலத்தில் மொழி போய்த் தொழில் மட்டும் மிஞ்சியது. செக் நாட்டின் மொராவியாவில் வலாஷ்ஸ்கோ என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. இன்று அங்கே பேசுவது செக். கார்பாத்திய மலைகள் வழியாக வந்த மேய்ச்சல் வாழ்க்கை ஊருக்குப் பெயரை விட்டுப்போயிருக்கிறது. ஆட்டுப்பால் சீஸுக்கு "பிரின்சா" என்ற ருமேனியச் சொல்லும் அதோடு கூட வந்தது.

அரசுகளும் இதைச் சட்டத் தகுதியாகவே எடுத்துக்கொண்டன. 1630-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாந்த், உஸ்மானிய எல்லையைக் காத்த குடியேறிகளுக்கு "விளாஹ்களின் சட்டம்" என்ற பெயரில் உரிமைகள் வழங்கினார். அவர்களில் பெரும்பாலோர் பேசியது ஸ்லாவிய மொழி. குரோவேஷியாவின் டல்மேஷியக் கடற்கரை நகரங்களில் உள்நாட்டுக் கிராமத்தானை இன்றும் "விளாய்" என்பார்கள். கிரேக்கத்தில் "விளாஹோஸ்" என்றால் பட்டிக்காட்டான் என்ற ஏளனமும் சேர்ந்துகொள்ளும்.

சாரீன்கரை:

ஏளனம் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஸ்விட்சர்லாந்தில் வெல்ஷ் என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், செய்தித்தாளில்கூட வரும். அதே சொல்லை இன்று இத்தாலியில் உள்ள தென் டிரோலில் இத்தாலியர்களைப் பார்த்துச் சொன்னால் வசை. ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களை வெறுக்கும் எழுத்துகளில் இது தாராளமாகப் புழங்கியது. நானே மொழிபெயர்க்கும்போது எந்த ஊர், எந்த ஆண்டு என்று பார்க்காமல் இந்தச் சொல்லைத் தொடுவதில்லை.

நிலப்படம்:

கடைசியாக ஒன்று. பிறர் வைத்த இந்தப் பெயரை யாராவது விரும்பித் தங்கள் பெயராக ஏற்றுக்கொண்டார்களா?

கார்குழலி:

வலோன்கள் ஏற்றுக்கொண்டார்கள், பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். கிரீஸுக்கும் வட மாசிடோனியாவுக்கும் இடையிலுள்ள மெக்லென் பகுதியில் ஒரு சின்ன ருமேனிய வழிமொழிச் சமூகம் தங்களை "விளா" என்கிறது. சுற்றியிருக்கும் உறவு மொழிக்காரர்கள் எல்லாரும் ரோமானியன் என்ற பெயரை வைத்திருக்க, இவர்களிடம் மட்டும் அது மறைந்துவிட்டது.

கிழக்கு செர்பியாவில் டிமோக் ஆற்றுப் பக்கம் போனால் விஷயம் இன்னும் சூடாக இருக்கும். அங்கே ருமேனிய வழக்கு பேசும் மக்கள் தங்கள் மொழியில் தங்களை "ருமின்" என்பார்கள், செர்பிய மொழியில் பேசும்போது "விளாஹ்" என்பார்கள். செர்பிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விளாஹ் தனி, ருமேனியர் தனி. எதில் பதிவது என்று ஊருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ருமேனிய அரசு அவர்களை ருமேனியர் என்கிறது. அவர்களிலேயே பலர், நாங்கள் விளாஹ்கள், தனி மக்கள் என்று எழுதிக்கொள்கிறார்கள். இதைப் பற்றி மட்டும் தனி இழை ஒன்று தொடங்கினால், என்னிடமுள்ள குறிப்புகளை அங்கே போடுகிறேன்.